‘எனக்குக் கைராசியே இல்லையா மேடம்?’ – ஒரு ஹவுஸ் சர்ஜனின் கடிதத்துக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. எழுதியவர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த 24 வயதுப் பெண். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து, எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வும் எழுதித் தேறி, இப்போது ஹவுஸ் சர்ஜனாக, அதாவது படிப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் செய்யும் ஒரு வருஷப் பயிற்சியில், ஐந்தாவது மாதத்தில் இருக்கிறார். கல்லூரி எது, எந்த வார்டு, யார் யார் என்ற விவரங்களை எல்லாம் நான் எடுத்துவிட்டேன்.

அவர் சொல்வது சுருக்கமாக இது. ஒரு வயதான அம்மாவுக்கு மூன்று முறை குத்தியும் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் போடும் ஊசிக்குழாய்) ஏறவில்லை. அந்த அம்மாவின் மகள், “படிக்க வந்த பிள்ளைகளுக்கு எங்க அம்மா கைதான் கிடைச்சுதா?” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறார். அப்புறம் ஸ்டாஃப் நர்ஸ் வந்து ஒரே குத்தில் போட்டுவிட்டார். அடுத்த வாரம் இரவு டியூட்டியில் 62 வயதுப் பெரியவர் ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டதால் ஆஸ்துமா என்று நினைத்து நெபுலைசேஷன் (மருந்தை ஆவியாக மூச்சில் இழுக்க வைப்பது) கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். 40 நிமிடம் கழித்துத்தான் பி.ஜி.யை, அதாவது அங்கே மேல்படிப்பு படிக்கும் மருத்துவரைக் கூப்பிட்டார். அது ஆஸ்துமா இல்லை, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பெரியவர் பிழைத்துவிட்டார். ஆனால் பி.ஜி. எல்லோர் முன்னாலும் திட்டியதில் இவர் நொறுங்கிப் போயிருக்கிறார். பின்னால் நின்ற ஒருவர் ‘கோட்டா’ என்று முணுமுணுத்ததும் காதில் விழுந்திருக்கிறது.

கடிதத்தில் உள்ள கேள்விகள்: எனக்குக் கைராசி இல்லையா? ஏழைகள் மேல் குத்திப் பழகுவது பாவம் இல்லையா? தனியாகச் செய்யத் தெரியாத ஒன்றை “போய்ப் போடு” என்று சொன்னால் மறுக்கலாமா, மறுத்தால் பயிற்சி முடிவுச் சான்றிதழில் கைவைப்பார்களா? கேஸ் ஷீட்டில் நேரத்தை மாற்றி எழுதிவிடு என்று தோழி சொல்கிறாளே, செய்யலாமா? அப்பா நகையை அடகு வைத்து, மேல்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வின் கோச்சிங்குக்குக் கட்டியிருக்கிறார், கூடப் படித்தவர்கள் டியூட்டிக்கு வராமல் லைப்ரரியில் இருக்கிறார்கள், நானும் அப்படிச் செய்துவிடட்டுமா?

டாக்டர், உங்களை நான் அப்படித்தான் கூப்பிடப்போகிறேன். கடிதத்தில் ஒரு இடத்தில்கூட நீங்கள் உங்களை டாக்டர் என்று எழுதிக்கொள்ளவில்லை. ‘நான் ஒரு சாதாரண ஹவுஸ் சர்ஜன்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘கோட்டா’ என்று முணுமுணுத்தவருக்கான பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020-ல் வந்த அந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் உங்களுக்குக் கல்லூரி வாசலைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். நீட்டில் தகுதி பெற்றது நீங்கள். உள்ளே வந்த பிறகு எல்லோரும் எழுதிய அதே பல்கலைக்கழகத் தேர்வைத்தான் நீங்களும் எழுதினீர்கள், அதே கிளினிக்கல் தேர்வில் அதே பரிசோதகர்கள் முன்னால்தான் நின்றீர்கள், அங்கே யாருக்கும் தனி வினாத்தாள் கிடையாது. ஆங்கிலப் பாடப் புத்தகத்தை முதல் வருஷம் முழுக்க அகராதி வைத்துப் படித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குக் கற்றுக்கொள்ளத் தெரியும் என்று அர்த்தம், இந்த வருஷத்துக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் அந்தப் பெரியவர்

நீங்கள் உங்களையே குற்றம் சாட்டுவது ‘தப்பாகக் கண்டுபிடித்தேன்’ என்பதற்காக. நான் அதை அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. இதயம் திணறும்போதும் நெஞ்சில் விசில் சத்தம் வரும், அதைப் பழைய மருத்துவர்கள் இதய ஆஸ்துமா என்றே சொன்னார்கள், நடு இரவில் அனுபவசாலிகளும் குழம்புகிற இடம் அது. அடுத்த முறைக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 60 வயதுக்கு மேல் ஒருவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக இளைப்பு வந்தால், அது நுரையீரலாக இருக்கும் என்று நினைப்பதற்கு முன் இதயத்தை நினைக்க வேண்டும். ஏற்கெனவே பிரஷர் உண்டா, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாரா, கால் வீங்கியிருக்கிறதா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, முதுகில் கீழ்ப்பக்கம் ஸ்டெத் வைத்தால் நொறுநொறு என்று கேட்கிறதா, இவ்வளவும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

உண்மையான பிரச்சினை அந்த 40 நிமிடம். அதை மழுப்பினால் உங்களுக்கு நன்மை செய்தவள் ஆகமாட்டேன். முதல் நெபுலைசேஷனுக்கு அவர் தேறவில்லை என்று தெரிந்ததும் கூப்பிட்டிருக்க வேண்டும். ஏன் கூப்பிடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “இதுகூடத் தெரியாதா என்று கேட்பார்களோ என்ற பயம்.” பயிற்சிக் காலத்தில் நோயாளிக்குக் கேடு வருவது பெரும்பாலும் இந்த வாசலில்தான். தெரியாமல் இருப்பதால் வரும் ஆபத்தைவிட, தெரியாததை மறைப்பதால் வரும் ஆபத்து பெரிது. ஏனென்றால் உங்களுக்கு மேலே பி.ஜி., அவருக்கு மேலே அசிஸ்டென்ட் புரொஃபசர், அதற்கு மேலே யூனிட் சீஃப் என்று அடுக்கடுக்காக ஆள் வைத்திருப்பதே நீங்கள் கூப்பிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான்.

பயத்தோடு நின்றுகொண்டு ‘கூப்பிடலாமா வேண்டாமா’ என்று நடு இரவில் முடிவெடுக்க முடியாது. அதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-ல் புதுப்பித்து வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது, ‘நியூஸ் 2’ என்பார்கள். பெரியவர்களுக்கான அதில் சில அளவுகள் தனியாகவே அபாயக் கொடி: மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல், அல்லது 8-க்குள், ஆக்ஸிஜன் அளவு 91 அல்லது அதற்குக் கீழ், மேல் ரத்த அழுத்தம் 90 அல்லது அதற்குக் கீழ், நாடி 131 அல்லது அதற்கு மேல், அல்லது 40-க்குள், புதிதாகக் குழம்பிப் பேசுவது, மயங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே மேலே சொல்ல வேண்டும். சின்ன அட்டையில் எழுதி கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி தொடங்கும்போதே பி.ஜி.யிடம், “அக்கா, எந்த மாதிரி இருந்தா உங்களை எழுப்பணும்?” என்று கேட்டுவிடுங்கள். அவரே சொன்ன அளவைக் காட்டிக் கூப்பிடும்போது திட்டுவது குறையும். திட்டினாலும் போகட்டும், நோயாளிக்கு நேரம் மிச்சம்.

கூப்பிடும்போது சொல்கிற விதமும் பழக வேண்டியதுதான். ‘அக்கா, ஒரு பேஷண்ட் சரியில்லை’ என்றால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. “62 வயது ஆண், பிரஷர் உள்ளவர், ஒரு மணி நேரமா மூச்சுத் திணறல், ஆக்ஸிஜன் 88, மூச்சு 34, ஒரு நெபுலைசேஷன் கொடுத்தும் குறையல, நான் இதயமா இருக்குமோன்னு நினைக்கிறேன், உடனே வந்து பார்க்கணும்” என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். யார், என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். நாலும் இருந்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே வருவார்.

அந்தக் கேஸ் ஷீட்டில் நேரத்தை மாற்றி எழுதும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள், தோழி எவ்வளவு அன்பாகச் சொல்லியிருந்தாலும் சரி. நர்ஸின் குறிப்பேடு, மருந்து கொடுத்த நேரம், போன் அழைப்பு எல்லாம் தனித்தனியே நேரத்தைப் பதிந்து வைத்திருக்கும், உங்கள் ஒரு வரி மட்டும் பொய்யாகத் தனியே நிற்கும். கணிப்பில் நேர்மையாகத் தவறுவதும் குற்றமான அலட்சியமும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆவணத்தைத் திருத்தினால் அந்தப் பாதுகாப்பை உங்கள் கையாலேயே தூக்கிப் போடுகிறீர்கள். விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும் என்றால், இப்போதைய தேதியும் நேரமும் போட்டு ‘பின்னர் எழுதியது’ என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். தப்பாக எழுதியதை அடிக்க வேண்டும் என்றால் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து.

இன்னொன்று. நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நான் அதை இரண்டு தடவை படித்தேன். எல்லாம் அடங்கிய பிறகு விடிகாலையில் அந்தப் பெரியவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசினீர்கள். அவர்கள் மூன்று வாரமாக மகள் வீட்டில் இருந்ததும், வீட்டுக்கே வந்து கொடுக்கிற பிரஷர் மாத்திரை அதனால் கிடைக்காமல் போனதும், ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று அவர் அப்படியே விட்டுவிட்டதும் உங்களுக்குத் தெரியவந்தது. ‘இது முக்கியமா என்று தெரியவில்லை, யாரிடமும் சொல்லவில்லை’ என்று முடித்திருக்கிறீர்கள். மக்களே (நம்ம பக்கம் பிள்ளையை அப்படித்தானே கூப்பிடுவோம்), அதுதான் அந்த கேஸின் பாதி! அவர் ஏன் அன்றைக்கு, அந்த இரவில் திணறினார் என்பதற்கான காரணம் அது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தபின் மாத்திரை வீடு தேடிப் போகிறது, ஆனால் ஆள் வீடு மாறினால் மாத்திரையும் நின்றுபோகும் என்பது எக்கோவிலும் தெரியாது, ஈ.சி.ஜி.யிலும் தெரியாது. அதை எழுதாமல் டிஸ்சார்ஜ் செய்தால் அடுத்த திருவிழாவுக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது திரும்பவும் வருவார். உங்கள் ஊர்ப் பேச்சில் நீங்கள் கேட்டதால்தான் அந்த அம்மா சொன்னார். இப்போதே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், ரவுண்ட்ஸில் சொல்லுங்கள்.

கைராசி

நம்ம பக்கம் கைராசிக்கு இருக்கிற மரியாதை எனக்குத் தெரியும். ‘அந்த டாக்டர் கை பட்டாலே சரியாகும்’ என்று மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. நோயாளி அப்படி நம்புவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர் அப்படி நம்பினால்தான் கெடுதல், ஏனென்றால் பிறவியிலேயே இருக்கிறது அல்லது இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் பழகுவதற்கே இடம் இல்லை.

அந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒரே குத்தில் போட்டதைப் பார்த்து வெட்கப்பட்டீர்கள். அவர் எத்தனை வருஷமாக எத்தனை கைகளில் போட்டிருக்கிறார் என்று கேட்டீர்களா? அவரிடமே போய், “சிஸ்டர், நீங்க போடும்போது பக்கத்துல நிக்கட்டுமா?” என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து தடவை பார்த்தால் தெரியும், அவர் கண்ணால் தேடுவதைவிட விரலால் தேடுவதுதான் அதிகம். கையைத் தொங்கவிட்டு, முஷ்டி பிடிக்கச் சொல்லி, குளிர்ந்த கையென்றால் முதலில் சூடாக்கி, தோலை நன்றாக இழுத்துப் பிடித்து, ஊசியைத் தாழ்வான கோணத்தில் நுழைத்து, ரத்தம் தெரிந்ததும் இன்னும் துளி உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம்தான் குழாயை மட்டும் நகர்த்துவார். தொடக்கத்தில் நிறையப் பேர் தவறுவது அந்தக் கடைசித் துளியில். ரத்தம் தெரிந்த சந்தோஷத்தில் உடனே குழாயைத் தள்ளுவார்கள், அது நரம்புக்கு வெளியே போய்ச் சுருளும். வயதானவர்களுக்கு நரம்பு வழுக்கும், இழுத்துப் பிடிக்கும் கைதான் பாதி வேலை செய்கிறது.

கை நடுக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆள் பார்க்கும்போது மட்டும் நடுங்குகிறது, சாப்பிடும்போதும் எழுதும்போதும் இல்லை என்கிறீர்கள், அப்படியானால் அது பதற்றம், பழகப் பழகக் குறையும். மணிக்கட்டை நோயாளியின் கைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள், உட்கார்ந்து செய்யுங்கள், எல்லாப் பொருளையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு முறை தவறினால் மூன்றாவது குத்து உங்களுடையது இல்லை, இதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மகளின் கோபம் மூன்றாவது குத்தில்தான் வெடித்தது, அவர் இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன்.

ஆனால் வெறும் எண்ணிக்கை போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நிறையச் செய்தால் தானாகக் கை தேறிவிடும் என்றுதான் வார்டில் எல்லோரும் நம்புகிறோம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பணியில் வருஷங்கள் கூடக்கூடச் சிகிச்சைத் தரம் தானாக உயர்வதில்லை, பல இடங்களில் குறையவும் செய்கிறது என்று காட்டியது. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் 1993-லிருந்து சொல்லிவந்ததும் இதையொட்டியதுதான். செய்யும்போது ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும், எது தவறியது என்று தெரிய வேண்டும், அந்த ஒரு இடத்தைத் திரும்பச் செய்ய வேண்டும். இது இல்லாமல் ஆயிரம் தடவை செய்தால் அதே தவறு ஆயிரம் தடவை பழகிப்போகும்.

அதனால் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். பெயரோ ஐ.பி. எண்ணோ வேண்டாம், வயதும் ஆண் பெண்ணும் போதும். நான் என்ன நினைத்தேன், கடைசியில் என்னவாக இருந்தது, எந்த அடையாளத்தைத் தவறவிட்டேன், மூன்றே வரி. கேஷுவாலிட்டியில் பார்த்து வார்டுக்கு அனுப்பியவரை மறுநாள் போய்ப் பாருங்கள். நம்ம ஹவுஸ் சர்ஜன்களுக்கு இருக்கிற பெரிய குறையே இதுதான் என்று நான் நினைக்கிறேன்: நோயாளியைப் பார்க்கிறார்கள், அனுப்புகிறார்கள், அவர் என்ன ஆனார் என்று தெரியாமலே அடுத்த டியூட்டிக்குப் போய்விடுகிறார்கள். தான் நினைத்தது சரியா தப்பா என்று தெரியாத ஒருவருக்கு, தினமும் ஐம்பது பேரைப் பார்த்தாலும் ஒன்றும் ஏறாது. வயிற்று வலிக்காரருக்குக் குடல்வால் என்று நினைத்தீர்களா, ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் என்ன எடுத்தார்கள் என்று கேளுங்கள். காய்ச்சலோடு வந்த ரப்பர் தோட்டத் தொழிலாளிக்கு எலிக்காய்ச்சல் என்று நினைத்தீர்களா, ரிசல்ட் வந்ததும் தேடிப் பாருங்கள். பாம்புக்கடி என்று வந்தவரின் ரத்தத்தை சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பீர்களே, ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்தபோது என்ன ஆனது என்பதையும் நீங்களே போய்ப் பாருங்கள், விஷமுறிவு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது கண்ணால் தெரியும்.

ஏழைகள் மேல் பழகுவது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்கள் மேல் எனக்கு மதிப்பு வந்தது. இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பயிற்சி மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரியில்தான் அதிகம், அங்கே வருபவர்கள் பெரும்பாலும் வசதி இல்லாதவர்கள். அந்தக் கடனை நம் தலைமுறை மருத்துவர்கள் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். ஆனால் ‘தெரியாதவர் கையில் விடப்பட்ட ஏழை’ என்ற உங்கள் சித்திரம் முழுச் சரி இல்லை. மேற்பார்வை ஒழுங்காக நடக்கும் ஒரு போதனா மருத்துவமனையில் ஒரே நோயாளியை ஹவுஸ் சர்ஜன், பி.ஜி., அசிஸ்டென்ட் புரொஃபசர், சீஃப் என்று நாலு பேர் பார்க்கிறார்கள், ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கிறார். இங்கிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு நம்ம ஆட்கள் ஆம்புலன்ஸ் பிடித்து ஓடுகிறார்களே, அதுவும் மாணவர்கள் பழகுகிற இடம்தான், அங்குள்ள பெரிய டாக்டர்களும் ஒருநாள் யாரோ ஒருவர் கையில் முதல் ஊசி போட்டவர்கள்தான்.

நோயாளி பக்கத்தில் நின்று கற்பது நம்ம மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1860-களில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். அதற்கு முன்பே நம்ம வர்ம ஆசான்கள் சீடப்பிள்ளையைக் கூடவே வைத்து, எண்ணெய் காய்ச்சவும் கட்டுப் போடவும் பார்க்கவும் விட்டு, கை பக்குவப்பட்ட பிறகுதான் ஆளைத் தொடவிட்டார்கள். அந்த வரிசை முக்கியம். முதலில் பார்ப்பது, அடுத்து ஸ்கில் லேபில் பொம்மையில் செய்வது, அப்புறம் ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்வது, கடைசியில்தான் தனியாக. ‘ஒன்று பார், ஒன்று செய், ஒன்று சொல்லிக்கொடு’ என்று வார்டில் பெருமையாகச் சொல்வார்களே, அது வேகமாக வேலை முடிக்க உதவும், நோயாளிக்கு உதவாது.

நோயாளியிடம் மறைக்காதீர்கள். “அம்மா, நான் பயிற்சி டாக்டர். பெரிய டாக்டர் பக்கத்துலயே இருக்காங்க. நான் போடட்டுமா? சரியா வரலேன்னா அவங்க போடுவாங்க.” இதைக் கேட்டுப் பெரும்பாலானவர்கள் ‘போடு மக்களே’ என்றுதான் சொல்வார்கள். வேண்டாம் என்று சொன்னால் அது அவர்கள் உரிமை, சிகிச்சையில் ஒரு குறையும் வைக்காமல் நகர்ந்துவிடுங்கள். அந்த மகள் கத்தியதற்கு ஊசி மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

‘போய்ப் போடு’ என்று சொன்னால்

நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் தனியாக எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், நல்லபடியாக முடிந்ததாகவும், இன்றுவரை பயமாக இருப்பதாகவும். ஊசியைக் கீழ் விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் நுழைக்க வேண்டும், ஏனென்றால் மேல் விலாவின் அடியில் ரத்தக் குழாய் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. நீர் எடுக்கும்போது இருமல் தொடங்கினால் நிறுத்த வேண்டும், ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது, காற்று புகுந்து திடீரென்று திணறினால் என்ன செய்வது, இவையெல்லாம் தெரிந்திருந்ததா? ஒரு வேலையைத் தனியாகச் செய்யலாமா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான். கெட்டுப்போனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வேன் என்று சொல்லத் தெரியாதவரை தனியாகத் தொடாதீர்கள். முதுகுத்தண்டு நீர் எடுப்பதும் அப்படியே, மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்காமல் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து.

மறுக்கலாமா? மறுக்கலாம். உங்கள் பதிவு தற்காலிகப் பதிவு, மேற்பார்வையின் கீழ் வேலை செய்வதற்கானது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ம் ஆண்டு பயிற்சி விதிமுறைகளும் அந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மருத்துவ-சட்ட ஆவணம் இவற்றில் நீங்கள் தனியாகக் கையெழுத்திடவும் கூடாது, யார் அவசரப்படுத்தினாலும். ஆனால் மறுக்கும் விதம் ஒன்று உண்டு. ‘நான் செய்யமாட்டேன்’ என்றால் சோம்பல் என்று எடுப்பார்கள். “சார், ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். எல்லாம் ரெடி பண்ணி வைக்கிறேன், நீங்க பக்கத்துல நின்னா நான் செய்றேன்” என்றால் அது கற்க வருபவரின் பேச்சு, நல்ல பி.ஜி. யாராக இருந்தாலும் வருவார். வராவிட்டால் டியூட்டி அசிஸ்டென்ட் புரொஃபசரிடம் சொல்லுங்கள், அப்புறம் யூனிட் சீஃபிடம். சான்றிதழில் கைவைப்பார்கள் என்ற பயத்துக்கு மருந்து, உங்கள் வருகைப் பதிவும், செய்த வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் லாக் புக்கும் அன்றன்றைக்கு ஒழுங்காக இருப்பதுதான். கூட்டமாகக் கடைசி நாளில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தில் நீங்கள் சேராதீர்கள்.

திட்டுவது பற்றி. தவறைச் சொல்லித் திருத்துவது வேறு, ஆளையும் சாதியையும் ஊரையும் கோட்டாவையும் இழுத்து அவமானப்படுத்துவது வேறு. முன்னதைக் கோபத்தோடு சொன்னாலும் அதிலுள்ள விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பி.ஜி. 30 மணி நேரம் தூங்காமல் இருந்திருக்கலாம், அமைதியான ஒரு நேரத்தில் போய், “அன்னைக்கு நான் எந்த அடையாளத்தைப் பார்த்திருக்கணும்?” என்று கேட்டுப் பாருங்கள். பின்னதுக்குத் தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். தொடர்ந்தால் கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் என்ற ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில்: சோப்புத் தண்ணீரில் கழுவி, பிழியாமல், உடனே கேஷுவாலிட்டியில் சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள், கடைசிபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று இன்றே பாருங்கள்.

நீட் பி.ஜி.யா, வார்டா?

அப்பாவின் கவலை நியாயமானது. எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றால் மரியாதை இல்லை என்ற பேச்சை அவர் கடற்கரையிலேயே கேட்டிருப்பார். ஆனால் இதை ஒன்றா இன்னொன்றா என்று நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை. இப்போது வருகிற கேள்விகளில் நிறைய, ‘62 வயது ஆண், திடீர் மூச்சுத் திணறல், அடுத்து என்ன செய்வீர்கள்’ என்ற வகைதான். அந்தப் பெரியவரைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியை நீங்கள் ஜென்மத்துக்கும் தப்பாக எழுதமாட்டீர்கள். வார்டில் பார்த்த ஒரு நோயாளி, அன்று இரவே அதைப்பற்றி அரை மணி நேரப் படிப்பு, அதே தலைப்பில் பத்துக் கேள்விகள். டியூட்டி இல்லாத நாளில் கூடுதலாக. இந்த வருஷத்துக்கு இது போதும்.

டியூட்டிக்கு வராமல் இருப்பதன் விலையையும் கணக்கில் எடுங்கள். 12 மாதத்தில் மொத்தம் 15 நாள்தான் விடுப்பு, அதைத் தாண்டினால் பயிற்சி நீளும். பொது மருத்துவம் 6 வாரம், அறுவை சிகிச்சை 6 வாரம், மகப்பேறு 7 வாரம், சமூக மருத்துவம் 12 வாரம், இந்த வாரங்கள் போனால் திரும்ப வராது. லைப்ரரியில் இருக்கும் உங்கள் தோழர்களில் சிலருக்கு முதல் முயற்சியில் இடம் கிடைக்கலாம், கிடைக்கட்டும். கிடைக்காதவர்கள் அடுத்த வருஷம் ஏதாவது தனியார் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி டாக்டராகத் தனியாக உட்காரும்போது, பக்கத்தில் பி.ஜி.யும் இருக்கமாட்டார், சீஃபும் இருக்கமாட்டார். அங்கே கற்றுக்கொள்ளத் தொடங்குவது நோயாளிக்கும் கெடுதல், அவர்களுக்கும் கெடுதல்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். எம்.ஆர்.பி. என்ற அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு மருத்துவராகச் சேர்ந்தால், பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடு உண்டு, சம்பளமும் வரும், அடகு நகையும் மீளும். முதல் முயற்சியில் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கட்டிய கோச்சிங்கை விட வேண்டாம், அதையும் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தூக்கம் பற்றி எழுதியிருந்ததை நான் கவனிக்காமல் விடவில்லை. டியூட்டிக்கு முன்னால் அழுகை, தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை. அந்த இரவுக்குப் பிறகு சில நாள் இப்படி இருப்பது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் உங்கள் கல்லூரியிலேயே மனநல மருத்துவரைப் பாருங்கள், தெரிந்தவர்கள் இருக்கிற இடம் கூச்சம் என்றால் வெளியே பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம். இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும், இரண்டு வாரக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அம்மாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லுங்கள்.

‘கை வேலை இல்லாத துறை எது’ என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்லப்போவதில்லை. ஐந்து மாதத்தில் இரண்டு கெட்ட அனுபவங்களை வைத்துத் துறையை முடிவு செய்யாதீர்கள், மகப்பேறு வார்டும் கேஷுவாலிட்டியும் சமூக மருத்துவமும் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டு அந்த நோட்டோடு உட்கார்ந்து எனக்கு எழுதுங்கள். அதற்குள், அந்தப் பெரியவர் மறுபரிசோதனைக்கு எந்த ஓ.பி. நாளில் வருவார் என்று டிஸ்சார்ஜ் ரெகார்டில் பார்த்து, அன்று போய் அவர் பிரஷரை நீங்களே பாருங்கள், மாத்திரை இப்போது யார் வீட்டுக்கு வருகிறது என்றும் கேளுங்கள்.